கூட்டு, நாணயம், ஒப்புரவு: ஊர்நலம் கருதிய வணிகத்தின் வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன்னர், வணிகவியல் பயிலும் மாணவி ஒருவர் ஒரு சொல்லைக் கேட்டு என்னிடம் வந்தார். ஊர் மக்களின் நலனையே நோக்கமாகக் கொண்டு நடத்தப்படும் வணிக நிறுவனத்தைத் தமிழில் எவ்வாறு குறிப்பது என்பதே அவருடைய கேள்வி. 'சமூகத் தொழில்முனைவு' என்று இப்போது எழுதுகிறார்கள் என்று சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். புறப்படும்போது, "அப்படியானால் இது நம்மிடம் முன்பு இல்லாத ஒன்றுதானே, ஐயா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று நான் தெளிவான விடை தரவில்லை. இன்றைய பொழிவு அதற்கான விடையாக அமைய வேண்டும் என்று விரும்புகிறேன்.

விடை சொல்வதற்கு முன், எதனை அளக்கப் போகிறோம் என்பதை வரையறுத்துக்கொள்ள வேண்டும். நன்கொடை வாங்கி நற்பணி செய்வது அறக்கட்டளையின் வழி. பொருள் ஈட்டி, அதிலிருந்து விரும்பியதைக் கொடுப்பது வள்ளல் தன்மையுள்ள வணிகரின் வழி. நாம் பேச இருப்பது மூன்றாவது வழி. வாங்குதல், விற்றல், விளைவித்தல் ஆகிய தொழிலையே நடத்தி, அத்தொழிலின் பயன் ஒரு மக்கள் கூட்டத்துக்குச் சேருமாறு அதன் அமைப்பையே கட்டுவது அது. ஒரு நிறுவனம் இந்த வழியைச் சேர்ந்ததா என்று அறிய மூன்று வினாக்கள் போதும். உடைமை யாருடையது? செலவு போக எஞ்சும் மிகுதி எங்கே செல்கிறது? முடிவெடுக்கும் உரிமை யாரிடம் உள்ளது? இம்மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு நம் வரலாற்றைப் பார்ப்போம்.

வணிகர் குழுவும் மகமையும்

தென்கிழக்காசியாவில் கிடைத்துள்ள தமிழ்க் கல்வெட்டுகளுள் பழமையானவற்றில் ஒன்று, தாய்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள தக்குவா பா பகுதியைச் சேர்ந்தது. கி.பி. 9ஆம் நூற்றாண்டினது என்று ஆய்வாளர் கருதும் அச்சிறு கல்வெட்டு, 'அவனிநாரணம்' என்னும் பெயருடைய குளம் ஒன்று தோண்டப்பட்டதையும், அது மணிக்கிராமத்தார் உள்ளிட்டோரின் காவலில் விடப்பட்டதையும் கூறுகிறது. மணிக்கிராமம் என்பது ஒரு வணிகர் குழு. கடல் கடந்து பொருள் விற்க வந்தவர்கள், எல்லார்க்கும் பயன்படும் நீர்நிலை ஒன்றைக் காக்கும் பொறுப்பை ஏற்றார்கள் என்பதே அதன் செய்தி.

சுமத்திராவின் வடமேற்குக் கரையில் பாரூசு என்னும் இடத்தருகே லோபு துவாவில் கிடைத்த கல்வெட்டு, சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088ஐச் சேர்ந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் புகழ்பெற்ற வணிகக் குழுவினர் கூடி எடுத்த முடிவு அதில் பொறிக்கப்பட்டுள்ளது. மரக்கலத்தோடு வருபவர்கள் கத்தூரியின் விலையை அளவாகக் கொண்டு ஒரு தொகையைப் பொன்னாகச் செலுத்திய பின்னரே உள்ளே வர வேண்டும் என்பது அம்முடிவு. அரசன் விதித்த வரி அன்று. வணிகர் தமக்குத் தாமே கூடி விதித்துக்கொண்டது.

தமிழகத்தில் இத்தகைய பொது வசூலுக்குப் 'பட்டணப் பகுடி' என்று பெயர். பிரான்மலைக் கல்வெட்டு போன்றவை, எந்தப் பொதிக்கு எவ்வளவு என்று பண்டவாரியாகப் பட்டியலிட்டு, அத்தொகை கோயிலுக்குச் சேர வேண்டும் என்று குறிக்கின்றன. பிற்காலத்தில் இதே வழக்கம் 'மகமை' என்னும் பெயரில் தொடர்ந்தது. நகரத்தார் தம் வட்டித் தொழிலிலிருந்து மகமை எடுத்துக் கோயில்களை எழுப்பினர். சிங்கப்பூர்த் தெண்டாயுதபாணி கோயில் 1859இல் எழுந்தது. மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் நடந்த வரவு செலவுக்கும் அக்கோயில் விளக்குக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. விருதுநகர் நாடார் வணிகர்கள், தாம் விற்ற மூட்டைகளின்மேல் சேர்த்த மகமைப் பணத்தைக் கொண்டு 1885இல் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். ஒரு மூட்டைக்குச் சில காசு என்று சேர்ந்த தொகை, அரசு எண்ணிப் பார்க்காத பிள்ளைகளுக்குக் கல்வியாயிற்று.

இவை பெருமைக்குரியவை. ஆயினும் நம் மூன்று வினாக்களை இங்கே கேட்டுப் பாருங்கள். கடையும் கிட்டங்கியும் தனியார் உடைமை. மிகுதியில் ஒரு சிறு பங்கே பொதுவுக்குச் சென்றது. பெரும்பங்கு உடையவரிடமே நின்றது. முடிவெடுத்தவர்கள் வணிகர்களே. மூட்டை தூக்கியவருக்கும் கடன் வாங்கியவருக்கும் அவையில் இடம் இல்லை. எனவே மகமை, பொதுநலத்துக்குப் பொருள் சேர்த்த வழி. பொதுமக்களே உடையவராக இருந்த வழி என்று அதனைச் சொல்ல முடியாது. பழமை என்பதற்காக இந்த வேறுபாட்டை மறைத்தால் வரலாறு நமக்கு எதையும் கற்பிக்காது.

மலாய் மொழியில் எஞ்சிய தமிழ்

உடைமையே இல்லாத எளியவர்கள் என்ன செய்தார்கள்? இதற்குக் கல்வெட்டுகளில் விடை இல்லை. சொற்களில் இருக்கிறது.

வணிகத்தின் வழியாக மலாய் மொழிக்குள் சென்ற தமிழ்ச் சொற்களை நீங்கள் அறிவீர்கள். 'கடை' அங்கே 'கெடை' ஆயிற்று. 'முதல்' அங்கே 'மொடால்' ஆயிற்று. இன்று இந்நாட்டின் மாபெரும் நிறுவனங்கள் தம் மூலதனத்தைக் குறிக்கப் பயன்படுத்தும் சொல், நம் பெட்டிக்கடைக்காரர் 'முதல் போட்டேன்' என்று சொல்லும் அதே சொல்தான். 'கூலி' என்னும் சொல்லோ உலகம் முழுதும் சென்றது. ஆனால் வேலைக்குரிய ஊதியத்தைக் குறித்த சொல், போன இடங்களில் எல்லாம் வேலை செய்யும் மனிதனைக் குறிக்கும் இழிசொல்லாக மாறியது. முதல் ஒருவரிடமும் கூலி இன்னொருவரிடமும் இருந்த காலத்தின் வரலாற்றை இவ்விரு சொற்களும் சுமந்து நிற்கின்றன.

மூன்றாவதாக ஒரு சொல் உண்டு. அது 'கூட்டு'. மாதந்தோறும் பத்துப் பேர் ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டு, சேர்ந்த நூறு வெள்ளியை முறை வைத்து ஒருவர் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. தோட்டத்து லயங்களில் பெண்களே பெரும்பாலும் இதனை நடத்தினர். மகள் திருமணம், ஊருக்குக் கப்பல் பயணம், பிள்ளையின் பள்ளிச் செலவு என்று வங்கி கதவு திறக்காத தேவைகளுக்கெல்லாம் கூட்டு கைகொடுத்தது. இச்சொல் மலாய் மக்களின் நாவிலும் புகுந்து 'குத்து' என்று ஒலித்தது. மலாய் மொழியில் அதே ஒலியுடைய சொல் பேனையும் குறிக்கும் என்பதால், வகுப்பறையில் இதனை விளக்கும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள்.

சிரிப்புக்கு அப்பால் ஒரு துயரமும் உண்டு. கூட்டுக்குப் பாதுகாப்பு, சேர்ந்தவர்களின் அறிமுகம் ஒன்றே. முன்பின் அறியாதவர்களைச் சேர்த்து இதனையே தொழிலாக நடத்தத் தலைப்பட்டவர்கள், பணத்தோடு மறைந்துபோன நிகழ்வுகள் பல. 1971ஆம் ஆண்டில் மலேசிய நாடாளுமன்றம் கூட்டுப் பணத் தடைச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின் வரையறைப் பகுதியில் 'கூட்டு', 'சீட்டு' என்னும் இரண்டு தமிழ்ச் சொற்களும் இடம்பெற்றன. நம் எளிய மக்களின் நிதி ஏற்பாடு சட்டப் புத்தகத்தில் பதிவாகியது தடைசெய்யப்பட்ட பொருளாகத்தான்.

கூட்டில் உடைமை எல்லாருக்கும் உரியது. மிகுதி வெளியே போவதில்லை. முடிவும் கூடியே எடுக்கப்படுகிறது. மகமையில் இல்லாதது இதில் இருந்தது. இதில் இல்லாதவை இரண்டு: எழுத்தில் அமைந்த விதியும், ஆண்டுக்கு ஒருமுறை கணக்கைத் திறந்து காட்டும் கடமையும். அவ்விரண்டும் வேறொரு திசையிலிருந்து வந்தன.

ராக்டேலிலிருந்து மலாயாவுக்கு

இங்கிலாந்தின் வடபகுதியில் நெசவாலைகள் நிறைந்த ஊர் ராக்டேல். 1844ஆம் ஆண்டு திசம்பர் 21ஆம் நாள், அவ்வூரின் தேரைச் சந்து என்னும் தெருவில் ஒரு சிறு கடை திறக்கப்பட்டது. அதனைத் திறந்த 28 பேரில் பலர் நெசவாளர். ஆளுக்கு ஒரு பவுண்டு சேர்த்து 28 பவுண்டு முதலாக்கினர். விற்ற பொருள்கள் வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்சு மாவு, மெழுகுவர்த்தி ஆகியவை மட்டுமே. கலப்படம் இல்லாத மாவும் சரியான எடையும் கிடைக்க வேண்டும் என்பதே அவர்களின் உடனடித் தேவை.

கடை சிறியது. ஆனால் அதன் விதிகள் பெரியவை. எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு. மிகுதி, போட்ட முதலுக்கு ஏற்பப் பங்கிடப்படாமல், கடையில் வாங்கிய அளவுக்கு ஏற்பப் பங்கிடப்படும். பின்னர் மிகுதியில் 2.5 விழுக்காடு உறுப்பினரின் கல்விக்கு ஒதுக்கப்பட்டது. கடையின் மேல்மாடியில் படிப்பகம் அமைந்தது. மாவு விற்ற ஆதாயத்தில் நூல் வாங்கிய முதற்கடைகளுள் அதுவும் ஒன்று. உலகின் கூட்டுறவு இயக்கம் இவ்விதிகளையே தன் அடிப்படையாக ஏற்றது.

இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904இல் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுப் பண்டக சங்கம் தோன்றியது. அக்காலத் தமிழர் இவ்வகைக் கடன் சங்கங்களுக்கு 'ஐக்கிய நாணய சங்கம்' என்று பெயரிட்டனர். அந்தப் பெயரைச் சூட்டியவர் யாராயினும் அவரை நான் வணங்குவேன். 'நாணயம்' என்பது கையில் உள்ள காசையும் குறிக்கும். வாக்குத் தவறாத நேர்மையையும் குறிக்கும். 'நாணயமான மனிதர்' என்று சொல்லும்போது அவரிடம் பணம் இருக்கிறது என்றா பொருள்கொள்கிறோம்? ஈடு வைக்க நிலமோ நகையோ இல்லாதவர்கள், ஒருவர்க்கொருவர் தம் சொல்லையே ஈடாக வைப்பதுதான் இச்சங்கங்களின் உட்பொருள். அதனை ஒரே சொல்லில் நம் மொழி அடக்கிக்கொண்டது. பின்னர் வந்த 'கூட்டுறவு' என்னும் சொல்லும் குறைந்ததன்று. கூட்டு என்பதோடு உறவு என்பதையும் அது சேர்த்துக்கொண்டது.

மலாயாவில் கூட்டுறவுச் சட்டம் 1922இல் வந்தது. அவ்வாண்டிலேயே அஞ்சல், தந்தித் துறை ஊழியர்களின் சிக்கன நாணயச் சங்கம் முதற்சங்கமாகப் பதிவு பெற்றது. சிங்கப்பூரில் 1925இல் அரசு ஊழியர் சங்கம் தொடங்கியது. மாதச் சம்பளக்காரர்கள் வட்டிக்கடையின் பிடியிலிருந்து மீள்வதே இவற்றின் முதல் நோக்கம். தோட்டங்களிலும் சிக்கனச் சங்கங்கள் தோன்றின. எனினும் அவை சேமிப்போடும் சிறுகடனோடும் நின்றன. தொழிலாளி தான் வேலை செய்யும் நிலத்துக்கே உடையவராகலாம் என்னும் எண்ணம் இன்னும் முளைக்கவில்லை. அதனை முளைக்கச் செய்தது ஒரு பேரிடர்.

துண்டாடப்பட்ட தோட்டங்கள்

1950களில் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்கள் பல கைமாறத் தொடங்கின. நாடு விடுதலையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது, அவசரகாலமும் முடியவில்லை. எதிர்காலம் எவ்வாறு இருக்குமோ என்று ஐயுற்ற ஐரோப்பிய நிறுவனங்கள் சில, தம் தோட்டங்களை விற்க முன்வந்தன. மொத்தமாக வாங்கியவர்கள், அவற்றைச் சிறுசிறு துண்டுகளாக்கிப் பலருக்கு விற்று உடனடி ஆதாயம் கண்டனர். இதுவே 'தோட்டத் துண்டாடல்' என்று நம் ஏடுகளில் பேசப்பட்டது. பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரான உங்கு அசீசு, 1951 முதல் 1960 வரையிலான துண்டாடல் குறித்து விரிவான ஆய்வறிக்கை ஒன்றை எழுதினார்.

துண்டாடல் என்றால் நிலப் பத்திரத்தில் பெயர் மாறுவது என்று மட்டும் எண்ணக்கூடாது. தோட்டம் என்பது ஓர் ஊர். லயத்து வீடு, மருந்தகம், குழந்தை காப்பகம், கோயில், தண்ணீர்க் குழாய் ஆகிய எல்லாம் தோட்ட நிர்வாகத்தைச் சார்ந்திருந்தன. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், போதிய பிள்ளைகள் இருந்தால் பள்ளி நடத்தும் கடமையையும் நிர்வாகத்தின்மேல் சுமத்தியிருந்தது. நம் தோட்டத் தமிழ்ப் பள்ளிகளில் பல அவ்வாறு பிறந்தவை. ஆயிரம் ஏக்கர் தோட்டம் நூறு துண்டுகளானால் அந்தக் கடமை யாருடையது? பத்து ஏக்கர் வாங்கியவர் பள்ளி நடத்துவாரா? வேலை போயிற்று, வேலையோடு வீடும் போயிற்று, வீட்டோடு பள்ளியும் போயிற்று. மூன்று தலைமுறையாக மரம் வெட்டிய குடும்பங்கள், தட்டுமுட்டுச் சாமான்களோடு சாலையோரத்தில் நின்றன.

அந்நிலையில் துன் வீ. தி. சம்பந்தன் ஒரு வழியை முன்வைத்தார். பேராக் மாநிலச் சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர், 1955 முதல் மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவர், அமைச்சர். அவரே ஓர் இரப்பர்த் தோட்ட உரிமையாளரின் மகன் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. விற்கப்படும் தோட்டத்தை ஒரு தொழிலாளியால் வாங்க முடியாது. ஆனால் பல்லாயிரம் தொழிலாளர் சேர்ந்தால் வாங்க முடியும் என்பதே அவர் கண்ட கணக்கு. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ஒரு பங்கு 100 வெள்ளி. அதனை மாதம் 10 வெள்ளியாகத் தவணையில் செலுத்தலாம்.

பத்து வெள்ளி என்பது அன்று என்ன என்று இளைய தலைமுறைக்குச் சொல்ல வேண்டும். என் தந்தையார் பால்வெட்டுத் தொழிலாளி. அவருடைய நாட்கூலி மூன்று வெள்ளியை ஒட்டியே இருந்தது. மழை பெய்தால் அதுவும் இல்லை. அப்படியானால் ஒரு தவணை என்பது மூன்று நாட்களுக்கு மேற்பட்ட உழைப்பு. சம்பள நாளன்று அவர் அந்தப் பத்து வெள்ளியைத் தனியே எடுத்து வைப்பார். எங்கள் பாட்டியார், "பார்க்காத தோட்டத்துக்கு எதற்குப் பணம்?" என்று கடிந்துகொள்வார். தந்தையார் வாதிட்டதில்லை. "நாளைக்கு நம்மை யாரும் எழுந்து போ என்று சொல்லக்கூடாது" என்று மட்டும் சொல்வார். பங்குப் பத்திரம், எங்கள் பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரே தகரப் பெட்டியில் இருந்தது. அதனை ஏன் அங்கே வைத்தார் என்பது எனக்கு நடுவயதில்தான் விளங்கியது. இந்த மண்ணில் நாம் யார் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

சம்பந்தன் அவர்கள் தோட்டம் தோட்டமாகச் சென்று மக்களைச் சந்தித்தார். நம்பாதவர்கள் பலர். ஏமாற்றப்பட்டுப் பழகிய மக்களுக்கு நம்பிக்கை எளிதில் வராது. எனினும் பணம் சேர்ந்தது. 1961இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் முதல் தோட்டமாக வாங்கப்பட்டது. அடுத்தடுத்து வாங்கப்பட்டவை பத்துக்கும் மேலாயின. துண்டாகிச் சிதறியிருக்க வேண்டிய தோட்டங்கள் முழுமையாகக் காக்கப்பட்டன. காலப்போக்கில் இரப்பரோடு செம்பனையும் சேர்ந்தது. 1979இல் அவர் மறைந்தார், சங்கம் நின்றது. கோலாலம்பூரில் உள்ள அதன் தலைமையகம் 'விசுமா துன் சம்பந்தன்' என்று அவர் பெயரைத் தாங்குகிறது.

நம் வினாக்களை இங்கே கேட்போம். உடைமை உறுப்பினருடையது. மிகுதி, ஈவாகவும் நல உதவியாகவும் அவர்களிடம் திரும்பியது. முடிவெடுப்பது பேராளர் மாநாடும் அவர்கள் தேர்ந்தெடுத்த வாரியமும். கூலி என்னும் சொல்லுக்கு உரியவர்களாக இருந்தவர்கள், முதல் என்னும் சொல்லுக்கும் உரியவர்களானார்கள். என் கணிப்பில், மலேசியத் தமிழர் வரலாற்றில் இதற்கு ஒப்பான மாற்றங்கள் மிகச் சிலவே.

மிகுதி மொழிக்கும் வந்தது

இம்மன்றத்தில் கூடியுள்ள நமக்கு இன்னொரு செய்தியும் உரியது. அச்சங்கத்தின் சார்பில் டான் ஸ்ரீ கே. ஆர். சோமா மொழி இலக்கிய அறவாரியம் செயல்பட்டு, தமிழ் நூல்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் பரிசளித்து வந்துள்ளது. சங்கக் கட்டடத்தில் உள்ள அரங்கில் எத்தனையோ நூல் வெளியீடுகள் நடந்துள்ளன. பால்மரத்தின் சாறும் செம்பனையின் எண்ணெயும் கவிதையாகவும் நாவலாகவும் மாறிய வழி இது.

இதனையும் நன்கொடை வழியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். 1950களில் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் முழக்கத்தோடு நிதி திரட்டினார். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் வாழ்ந்த எளிய மக்கள், பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்கப்பட வேண்டும் என்பதற்காகத் தம் சிறு தொகைகளைக் கொடுத்தனர். நம் போன்றோர் தமிழை உயர்கல்வியாகப் பயின்றதில் அந்தக் காசுக்கும் பங்கு உண்டு. அத்தகைய எழுச்சி மாபெரும் ஆற்றல் உடையது. ஆனால் ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் வரும். தொழிலின் மிகுதியோ, தொழில் நடக்கும்வரை ஆண்டுதோறும் வரும். ஒரு சமூகத்துக்கு இரண்டும் வேண்டும். முதலாவது தீ மூட்டும்; இரண்டாவது விளக்கில் எண்ணெய் வார்க்கும்.

சிங்கப்பூரில் இவ்வகை முயற்சி வேறு வடிவம் எடுத்தது. 1969இல் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசு நடத்திய நவீனமாக்கல் கருத்தரங்கின் விளைவாக, தொழிற்சங்கங்களே கூட்டுறவு நிறுவனங்களைத் தொடங்கின. 1970இல் காப்புறுதிக் கூட்டுறவும், 1973இல் தோ பாயோவில் பேரங்காடியும் தோன்றின. எண்ணெய் நெருக்கடியும் விலையேற்றமும் சூழ்ந்த ஆண்டு அது. அரிசியும் சர்க்கரையும் பதுக்கப்பட்ட வேளையில் நியாய விலைக்கு விற்பதே அக்கடையின் பணி. பின்னர் அது 'ஃபேர்பிரைஸ்' என்னும் பெயர் பெற்றது. ராக்டேல் நெசவாளரின் மாவுக் கடைக்கும் அதற்கும் இடையே 129 ஆண்டுகள் கடந்திருந்தன. தேவை மாறவில்லை.

தவறிய இடங்கள்

புகழை மட்டும் சொல்லி முடித்தால் அது வரலாறாகாது, வாழ்த்துரையாகும். இரண்டு குறைகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, உறுப்பினரும் தொழிலாளியும் ஒருவரேயா என்னும் கேள்வி. நில நிதிச் சங்கத்தின் பங்குகளை நாடெங்கும் உள்ள தொழிலாளர் வாங்கினர். அதனால் ஒரு தோட்டத்தில் பங்கு வைத்திருப்பவர் வேறு தோட்டத்தில் மரம் வெட்டினார். சங்கத் தோட்டத்திலேயே வேலை செய்தவர், பங்கு வாங்காதவரை, கூலிக்காரராகவே இருந்தார். தலைமுறை மாறியபோது பங்குப் பத்திரம் நகரத்துப் பேரப்பிள்ளைக்குச் சென்றது. அவருக்குத் தோட்டமே தெரியாது. உடைமை பொதுவாக இருப்பது ஒன்று. உடையவர் தம் உடைமையை அறிந்திருப்பது மற்றொன்று. என் தந்தையாரின் பங்கு என்னிடம் வந்தபோது, ஆண்டறிக்கையைப் பிரிக்காமல் மேசையில் வைத்த குற்றவாளிகளுள் நானும் ஒருவன்.

இரண்டாவது, மேற்பார்வை தளர்ந்தால் நேர்வது. 1986இல் மலேசியாவில், பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகளை அரசு முடக்க நேர்ந்தது. முறையற்ற கடன்கள், பொறுப்பாளர்களே பயன்பெற்ற முதலீடுகள் எனப் பல கேடுகள் வெளிப்பட்டன. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தம் சேமிப்பு எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் தவித்தனர். அவர்களும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் விதியின்கீழ் இருந்தவர்களே. விதி இருந்தது, கூட்டத்துக்குச் சென்று கேள்வி கேட்பவர் இல்லை. ஐக்கியம் இருந்தது, நாணயம் போயிற்று. 2008 முதல் மலேசியக் கூட்டுறவு ஆணையம் இத்துறையைக் கண்காணித்து வருகிறது. எனினும் உறுப்பினர் உறங்கினால் எந்த ஆணையமும் அவருக்கு ஈடாக விழித்திருக்க முடியாது.

பழைய சொல், புதிய பணி

இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சமூகத் தொழில்முனைவுக்கென அரசின் திட்டங்களும் நடுவங்களும் உள்ளன. 2015இல் சிங்கப்பூரில் இதற்கெனத் தனி நடுவம் அமைந்தது. அதே ஆண்டில் மலேசியா ஒரு செயல்திட்டத்தை வெளியிட்டது. பிரிட்டன் 2005இல் சமூகநல நிறுவனம் என்னும் சட்ட வடிவத்தை உருவாக்கி, அத்தகைய நிறுவனத்தின் சொத்தைத் தனியார் பங்கிட்டுக்கொள்ள முடியாதவாறு சட்டப் பூட்டுப் போட்டது. துண்டாடலின் வலியை அறிந்த நமக்கு அந்தப் பூட்டின் அருமை உடனே விளங்கும்.

இவற்றுக்கெல்லாம் தமிழில் ஒரு பெயர் வேண்டுமானால், திருக்குறளின் 22ஆம் அதிகாரத் தலைப்பை நினைவூட்டுவேன்: 'ஒப்புரவறிதல்'. ஈகை என்னும் அதிகாரம் தனியே இருக்க, அதற்கு முன்னதாக வள்ளுவர் இதனை வைத்தார். ஈகை, இல்லாத ஒருவருக்குக் கொடுப்பது. ஒப்புரவு, ஊரோடு ஒத்து வாழ்ந்து ஊருக்குப் பயன்படுவது. ஊரார் நீருண்ணும் குளத்தை அங்கே அவர் உவமையாக்குகிறார். குளத்தில் நீர் எடுப்பவர் யாரும் இரவலர் அல்லர். தக்குவா பாவின் அவனிநாரணமும் அத்தகைய ஒரு குளமே. 'ஒப்புரவுத் தொழில்' என்று சொல்லிப் பாருங்கள். வழக்கில் ஏறுமா என்பதை உங்கள் நாவே முடிவு செய்யட்டும்.

முடிவாக, ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் பள்ளிகள் பலவற்றில் கூட்டுறவுக் கடை உண்டு. பென்சிலும் பயிற்சி நூலும் விற்கும் அந்தச் சிறு அறையை நாம் ஒரு விற்பனை இடமாக மட்டுமே பார்க்கிறோம். அடுத்த முறை அதன் ஆண்டுக் கணக்கை வகுப்பறைக்குக் கொண்டு வாருங்கள். இது யாருடையது, இந்த ஆண்டின் மிகுதி எவ்வளவு, அதனை என்ன செய்யலாம், யார் முடிவு செய்வது என்று மாணவர்களையே பேசச் சொல்லுங்கள். ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை எழுந்து, "ஐயா, இந்தச் செலவு எதற்கு?" என்று கேட்டால் அந்த வகுப்பு வெற்றி பெற்றது. 1986இல் கேட்கப்படாமல் போன கேள்வி அதுதான்.

என்னிடம் சொல் கேட்டு வந்த மாணவிக்கு இப்போது விடை சொல்லலாம். இது நம்மிடம் முன்பே இருந்தது, அம்மா. மகமையில் பாதி இருந்தது. கூட்டில் பாதி இருந்தது. இரண்டையும் இணைத்து முழுமையாக்கியவர்கள் கல்வெட்டில் பெயர் பொறித்த வணிகர்கள் அல்லர். மூன்று நாள் உழைப்பை எடுத்து வைத்துத் தாம் பார்த்திராத தோட்டத்துக்குப் பங்கு வாங்கிய தொழிலாளர்கள் அவர்கள். அவர்களுடைய பத்திரம் உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலும் இருக்கக்கூடும். தேடிப் பாருங்கள்.